அடைகாக்கும் பறவையும் காமிராவும்

குற்றாலம் என்றவுடன் அருவியும் சாரலும் நினைவுக்கு வருதல் இயல்பு. சென்ற ஆனித் திங்களில் எம் வகுப்பினர் நால்வர் அங்குச் சென்றது அருவியாடுவதற்கு அன்று. தென்காசியைச் சூழ்ந்த குளங்களில் நீர்ப்பறவைகள் சில முட்டையிட்டு அடைகாக்கும் காலம் அதுவே என்று கேள்வியுற்று, அவற்றைக் காமிராவிற் பதித்து வரவேண்டும் என்னும் ஆவலாற் சென்றோம். சென்றவிடத்து யாம் கற்ற பாடம், கற்கக் கருதிச் சென்ற பாடம் அன்று. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு உரைத்தல் கடன் எனக் கருதி, முதற்கண் அப்பறவைகளின் இயல்பையும், அடுத்து யாம் செய்த பிழையையும், இறுதியில் அப்பிழை பிறர்க்கு நேராவண்ணம் கொள்ளத்தக்க முறைகளையும் சுருங்கக் கூறுவாம்.

தென்காசி, 2019 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கெல்லையாக நிற்பது குற்றாலமலை. அம்மலையிற் பிறக்கும் சிற்றாறு, அருவிகளாக வீழ்ந்து, தென்காசி வழியே கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியொடு கலக்கின்றது. கலக்குமுன் அணைகளாலும் கால்களாலும் பல குளங்களை நிரப்பிச் செல்கின்றது. ஆனி ஆடியில் மலைமேல் மேகம் தவழ்ந்து தூவானம் வீசிக்கொண்டிருக்க, சில மைல் கிழக்கே வெயில் காயும். காற்று மட்டும் ஓயாது வீசும். அக்காலத்தே குளம் முழுதும் நிரம்புவதில்லை. ஒரு பால் நீரும், ஒரு பால் சேறும், ஒரு பால் வெடித்த தரையுமாக மூன்று நிலங்களை ஒரே குளத்திற் காணலாம். நீண்ட காலால் ஆழமற்ற நீரிலும் சேற்றிலும் நடந்து இரைதேடும் பறவைகட்கு இதனினும் சிறந்த இடம் வேறில்லை.

இப்பறவைகள், கூடு அமைக்கும் வகையால் இரு திறத்தன. நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன் முதலியன நீர்நடுவே நிற்கும் கருவேல மரங்களில் கூட்டங்கூட்டமாகச் சுள்ளிக் கூடு கட்டுவன. ஆள்காட்டி, நெடுங்காலுள்ளான் முதலியன தரையிலேயே முட்டையிடுவன. தாமரையிலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியோ, மிதக்கும் நீர்ச்செடிகளின் மேலேயே முட்டையிடும்; அவ்வினத்தில் அடைகாப்பதும் குஞ்சு காப்பதும் ஆண்பறவையின் கடமையாம். யாம் காணச் சென்றது தரையில் முட்டையிடும் செம்மூக்கு ஆள்காட்டியை.

இதன் கூடு கூடென்று சொல்லத்தக்கதன்று. தரையிற் காலாற் சீய்த்த சிறு பள்ளம், அதனைச் சுற்றிச் சில கூழாங்கற்கள், சில வேளை ஆட்டுப் பிழுக்கைகள், அவ்வளவே. அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்நுனி உள்நோக்கியிருக்குமாறு கிடக்கும். மண்ணிறத்தின்மேற் கரும்புள்ளிகள் தெறித்தாற் போன்ற அம்முட்டைகளைப் பத்தடி தொலைவிலிருந்து காண்டல் அரிது. அவற்றுக்கு அம்மறைவே அரண்; வேறு அரண் இல்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 28 முதல் 30 நாள்வரை அடைகாக்கும். குஞ்சு பொரித்த சிறிது நேரத்திற்குள் எழுந்து நடக்கும். தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் தரையோடு தரையாய்ப் படுத்துவிடும்.

அடைகாத்தல் என்றால் சூடேற்றுதல் என்றே நாம் எண்ணுகிறோம். நம் நாட்டு வெயிலில் அஃது, பகற்பொழுதில், பெரும்பாலும் சூட்டைத் தடுத்தலேயாகும். முட்டைக்குள் வளரும் கருவுக்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 37 அல்லது 38 பாகை செல்சியஸ். அதனினும் மூன்று நான்கு பாகை மிகுந்து, அம்மிகுதி நீடிப்பின் கரு மடியும். திறந்த வெளியில் கிடக்கும் முட்டைமேல் நேர்வெயில் படின் அந்த அளவை எட்டுவதற்கு நெடுநேரம் வேண்டுவதில்லை. ஆதலின் ஆள்காட்டி முட்டைமேல் நின்று தன் உடலாற் குடைபிடிக்கின்றது. வெப்பம் மிகுங்கால் நீர்நிலைக்குச் சென்று மார்பிறகுகளை நனைத்து வந்து, அவ்வீரத்தால் முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. எனவே, தாய்ப்பறவையை அரைமணி நேரம் முட்டையினின்றும் அகற்றி நிறுத்துதல் என்பது, நாம் எண்ணுமாறு, அதனைச் சிறிது காத்திருக்கச் செய்தல் மட்டும் அன்று.

தமிழ் பயில்வோர்க்கு இப்பறவையிடத்து மற்றொரு பற்றும் உண்டு. ஆளைக் காட்டிக் கொடுத்தலின் இது ஆள்காட்டி எனப்பட்டது. குறுந்தொகையிலும் கணந்துள் என்னும் நெடுங்காற் பறவை ஒன்று, பாலைவழியில் ஆள் இருப்பதைத் தன் குரலால் வழிச்செல்வோர்க்கு அறிவிப்பதாக வருகின்றது. அஃது இன்ன பறவை எனத் துணிதல் எம் நோக்கம் அன்று. பறவையின் கூவலைக் கேட்டு ‘அங்கே ஆள் வருகிறான்’ என்று பொருள் கொள்ளும் வழக்கம் நம்மவர்க்குப் பழையது என்பதே ஈண்டு வேண்டுவது. அப்பொருளை அறிந்திருந்தும் யாம் அதன்படி நடந்திலேம்.

முதல் நாட் காலை எட்டு மணியளவில், தென்காசிக்குக் கிழக்கே ஒரு குளக்கரையை அடைந்தோம். வற்றிய பகுதியில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்ததும், ஆள்காட்டிகள் இரண்டு எம் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கின. கத்துதல் மிகுமிடத்தே கூடு உண்டென்று படித்திருந்தோமாதலின், எம்மை விலகச் சொன்ன அக்குரலையே வழிகாட்டியாகக் கொண்டு தேடினோம். எம்முள் ஒருவர், மிதிப்பதற்கு எடுத்த காலை அப்படியே நிறுத்தினார். காலடியில் நான்கு முட்டைகள் கிடந்தன.

பத்தடி தள்ளி முக்காலியை நாட்டிக் காமிராவைப் பொருத்தினோம். வில்லைக்குக் குறுக்கே நின்ற கோரைப்புல் சிலவற்றை ஒருவர் பிடுங்கி எறிந்தார். பறவை வந்து அமரும் எனக் காத்திருந்தோம். கால்மணி கழிந்தது, அரைமணியும் கழிந்தது. பறவை ஒன்று அப்பால் இறங்கி, சில அடி ஓடி, வெறுந்தரையில் அடைகாப்பது போல அமர்ந்தது. அங்கும் ஒரு கூடு உண்டென மகிழ்ந்து அதனையும் படம் பிடித்தோம். அஃது எம் கருத்தைத் திருப்புதற்கு அப்பறவை செய்த சூழ்ச்சி என்பது பின்னரே விளங்கிற்று.

அவ்வேளை ஆடு மேய்த்து வந்த பெரியவர் ஒருவர் எம்மை நோக்கி, “எய்யா, நீங்க நிக்கிற மட்டும் அது முட்டைக்கு வராது. வெயிலு ஏறுது பாருங்க. கொஞ்சம் கரைக்குப் போயிருங்க” என்றார்.

“இன்னும் அஞ்சு நிமிசம் தாத்தா” என்றார் எம்முள் ஒருவர்.

அவர் மறுமொழி கூறாது, கரையில் நின்ற பனையைக் கோலாற் சுட்டிக் காட்டினார். அதன் மட்டைமேல் காக்கை இரண்டு அமர்ந்து எம்மையே நோக்கியிருந்தன.

அப்பொழுதும் யாம் அந்த ஐந்து நிமிடம் நின்றோம். பின்னர்க் கருவிகளை எடுத்துக்கொண்டு கரைநோக்கி நடந்தோம். பாதிவழி செல்லுமுன் ஆள்காட்டிகளின் குரல் மாறிற்று. திரும்பிப் பார்த்தோம். புல் பிடுங்கப்பெற்ற இடத்திற் காக்கை ஒன்று இறங்கி, முட்டை ஒன்றைக் கவ்வி எழுந்தது. பறவைகள் இரண்டும் அதனைத் துரத்திச் செல்லவே, மற்றைக் காக்கை இறங்கிற்று. பெரியவர் கோலை ஓங்கி ஓடி அதனை விரட்டினார். நான்கு முட்டை மூன்றாயிற்று.

அவர் எம்மைக் கடிந்திலர். “காக்காய்க்கு என்னய்யா தெரியும்? நீங்க நின்ன எடத்தத்தான அது பாத்துச்சு” என்று மட்டும் கூறி ஆடுகளை ஓட்டிச் சென்றார். ஆளைக் காட்டிய பறவை ஆள்காட்டி. முட்டையைக் காட்டிய யாம் முட்டைகாட்டிகள்.

அன்றிரவு குற்றாலத்தில், எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவற்றுள் ஒன்று மிக அழகியது. சிறகுகள் முற்றும் விரிந்து, அலகு திறந்து, செந்நிறத் தசைமடல் வெயிலில் ஒளிர, பறவை நேரே எம்மை நோக்கிப் பாய்கின்றது. காண்போர் எவரும் அதனைப் பாராட்டுவர். அப்படத்தில் உள்ளது அழகன்று, அச்சம் என்பதை எம்மையன்றிப் பிறர் அறியார். அதனை இவ்விதழுக்கு யாம் தரவில்லை.

இங்ஙனம் கூட்டருகே சென்று படம் பிடிக்கும் வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்று ஆராய்தல் பயன் தரும். இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892 ஆம் ஆண்டில், முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படம் எடுத்தனர். 1895 இல் முழுதும் ஒளிப்படங்களாலாகிய பறவைக்கூட்டு நூல் ஒன்றை வெளியிட்டனர். பறவைகள் அஞ்சாதிருத்தற்பொருட்டு, மாட்டுத்தோலாற் செய்த பொய்மாட்டின் உள்ளே ஒளிந்திருந்தும் படம் எடுத்தனர். நம் நாட்டிலும் லோதர் என்பார் பல்லாண்டு பறவைகளைப் படம்பிடித்து, 1949 இல் அதுபற்றி நூல் எழுதினார். அந்நாளில் காமிரா பெரிது. பதிவுத் தட்டு ஒளியை மெல்ல ஏற்பது. தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் வில்லைகளும் இன்றுபோல் இல்லை. பறக்கும் பறவையைப் பிடித்தல் மிக அரிது. பறவை தப்பாது திரும்பி வரும் இடம் ஒன்று உண்டெனின் அது கூடே. ஆதலின் அவர்கள் கூட்டை நாடினர். அவர்தம் கருவியின் குறையே அவரைக் கூட்டினிடத்துக் கொண்டுவந்தது எனலாம். இன்றோ, நூறடிக்கு அப்பால் நிற்கும் பறவையின் கண்ணிமையையும் காட்டவல்ல வில்லைகள் மாணவர்க்கும் இரவலாகக் கிடைக்கின்றன. குறை நீங்கிய பின்னும் அக்குறையாற் பிறந்த வழக்கத்தை நாம் தொடர்வது ஏன்?

திருநெல்வேலியில் 1912 ஆம் ஆண்டு பிறந்தவரும், ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவின் மைந்தருமாகிய மா. கிருஷ்ணன், 1996 இல் மறையுந்துணையும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து வந்தார். உயிரினத்தை அது வாழும் இடத்தினின்றும் பிரிக்காது காட்டுவது அவர் படங்களின் சிறப்பு. நம் மாவட்டத்து மண்ணிற் பிறந்த அப்பெரியார் நமக்கு ஏற்ற முன்மாதிரியாவர்.

சட்டமும் இதில் வாளா இருக்கவில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குப் பொருள் வகுக்குமிடத்து, கொல்லுதலையும் பிடித்தலையும் மட்டும் கூறி நிற்கவில்லை. காட்டுப்பறவைகளின் முட்டைக்குச் சேதம் விளைத்தலையும், முட்டையையோ கூட்டையோ கலைத்தலையும் அச்சொல்லுள் அடக்குகின்றது. கையில் துப்பாக்கி இல்லாமையாலேயே ஒருவன் வேட்டைக்காரன் ஆகாதொழியான் என்பது இதனாற் பெறப்படும். இதனினும் பழைய கட்டளை ஒன்றை யாம் ஓய்வுநாட் பள்ளியிலேயே கற்றிருந்தோம். உபாகமம் 22 ஆம் அதிகாரத்தில், வழியில் பறவைக்கூட்டைக் காண்பவன் தாயையும் குஞ்சுகளையும் ஒருங்கே கைக்கொள்ளலாகாது, தாயைப் போகவிடல் வேண்டும் என விதிக்கப்பட்டுளது. கூட்டைக் கண்டவனுக்குக் கையிருந்தும் எல்லாம் அவனுடையதன்று என்பதே அதன் கருத்து என யாம் கொள்கிறோம். காமிராவைக் கையிற் கொண்டவனுக்கும் அக்கட்டளை பொருந்தும்.

இனிக் கொள்ளத்தக்க முறைகளைக் கூறுவாம்.

முதலாவது, தொலைவு. எத்தனை அடி என்று ஓர் எண்ணை வகுத்தல் இயலாது. தொலைவை வரையறுப்பது பறவையே. அது தலையை உயர்த்தி நிற்பின் நீ அண்மையில் வந்துவிட்டாய். முட்டையை விட்டு எழுந்து நடப்பின் எல்லை கடந்துவிட்டாய். கத்துதல், வட்டமிடுதல், சிறகொடிந்தாற்போல் நடித்தல், வேறிடத்திற் பொய்யாக அமர்தல் ஆகியவற்றுள் எதுவும் நிகழின் உடனே திரும்புக.

இரண்டாவது, காலம். வெயில் ஏறிய பின்னும், மழைத்தூறலின்போதும் முட்டையோ சிறு குஞ்சோ உள்ள இடத்தை அணுகற்க. மரக்கூட்டத்துக்கும் இது பொருந்தும். மஞ்சள்மூக்கு நாரை, சிறகை விரித்து நின்று தன் குஞ்சுகட்கு நிழல் தருகின்றது. ஆரவாரத்தால் அஃது எழுந்து போயின் குஞ்சுகள் வெயிலில் வாடும். அஞ்சிக் கூட்டினின்று வீழ்தலும் கூடும். காக்கையும் பருந்தும் அச்சமயத்தை நோக்கியிருக்கும்.

மூன்றாவது, மறைவு. படத்துக்கு இடையூறென்று ஒரு புல்லையும் பிடுங்கற்க. ஒரு கிளையையும் வளைத்துக் கட்டற்க. நமக்கு இடையூறாய் நிற்பது அதற்கு அரணாய் நிற்பது. பறவையின் குரலைப் பதிவுசெய்து ஒலித்து அழைத்தலும், ஆளில்லாச் சிறு வானூர்தியைக் கூட்டின்மேற் பறக்கவிடுதலும், மின்னொளி பாய்ச்சுதலும் அறவே நீக்கத்தக்கன.

நான்காவது, அடக்கம். கூடு உள்ள இடத்தைப் படத்தோடு வெளியிடற்க. ஒருவர் செய்த தீங்கைப் பதின்மர் வந்து பதின்மடங்கு ஆக்குவர். யாம் சென்ற குளத்தின் பெயரை இக்கட்டுரையில் எழுதாமைக்கு இதுவே காரணம்.

ஐந்தாவது, வேறு வாய்ப்பை நாடல். ஐப்பசி தொடங்கி மாசிவரை நம் குளங்களுக்குப் பல வகை உள்ளான்கள் வருகின்றன. பொரி உள்ளான் போல்வன சைபீரியா முதலிய வடநிலங்களில் முட்டையிட்டு, பனிக்காலத்தை நம்மிடம் கழிப்பன. அவற்றின் கூடு இங்கில்லை. கரையில் அமைதியாக அமர்ந்து வேண்டுமளவு படம் எடுக்கலாம். மேலும், 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் நற்பணி இப்பகுதிக் குளங்களில் நடைபெற்று வருகின்றது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதனை நடத்துவோருள் ஒன்று. பறவை காணும் ஆர்வமுடைய மாணவர் அத்தகைய பணியிற் சேர்ந்து பழகுதல் நன்று.

இவையெல்லாம் புதிய நாகரிகத்தார் வகுத்த விதிகள் என எவரும் எண்ணவேண்டா. வேடந்தாங்கல் ஊரார், தம் ஏரிப்பறவைகள் சுடப்படுவதைப் பொறாது, 1798 ஆம் ஆண்டிலேயே அந்நாளைய கலெக்டரிடம் முறையிட்டு அவற்றைக் காக்கும் உத்தரவு பெற்றனர். நாங்குநேரிப் பகுதியிலுள்ள கூந்தன்குளம் 1994 இற் பறவைகள் சரணாலயமாயிற்று; 2022 இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற செய்தியும் வெளியாயிற்று. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே அவ்வூர் மக்கள் வீட்டு மரங்களிலும் நாரைகட்கு இடங்கொடுத்து, அவை அஞ்சுமென்று பட்டாசு வெடித்தலையும் விட்டொழித்தவர். எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு எருவாவதை அவர் அறிவர். எம்மைக் கரைக்குப் போகச் சொன்ன ஆட்டுக்காரப் பெரியவரும் அம்மரபினரே. அவர் எந்நூலையும் மேற்கோள் காட்டவில்லை. பறவையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், காக்கையைப் பார்த்தார். அம்மூன்றையும் யாம் பார்த்திலேம்.

மறுநாட் காலை, கதிரவன் எழும் பொழுதே அக்குளக்கரைக்கு மீண்டும் சென்றோம். இம்முறை குளத்தினுள் இறங்கவில்லை. கரைமேற் பனையடியில் அமர்ந்து தொலைநோக்கியால் நோக்கினோம். நெடுநேரம் தேடிய பின்னர், கோரைகளின் நடுவே கருந்தலை ஒன்று தெரிந்தது. பறவை எஞ்சிய முட்டைகளின்மேல் அமர்ந்திருந்தது. எம்மை அது பொருட்படுத்தவில்லை. சிறிது நேரத்தில் அதன் துணை நடந்து வர, இது எழுந்து இடங்கொடுத்தது. ஒரு குரலும் எழவில்லை.

அப்பொழுது ஒரே ஒரு படம் எடுத்தோம். அதிற் பறவை நெல்மணியளவே உளது. சேறும், கோரையும், அப்பால் மேகம் மூடிய குற்றாலமலையும் பெரிதாக உள. சுட்டிக் காட்டினாலன்றி அதில் பறவை உண்டென்பது எவர்க்கும் தெரியாது. அப்படத்தையே இதழாசிரியரிடம் தந்துள்ளோம்.

அம்மூன்று முட்டைகளும் பொரித்தனவா என்று சென்று காணவேண்டும் என்னும் ஆவல் பின்னர்ப் பலமுறை எழுந்தது. சென்றிலேம்.